வளரும் தொண்டைக்கு எவ்வளவு மேடை? பாடகராக விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

இசையைத் தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற விருப்பத்தோடு பாடும் பிள்ளைகளுக்கு நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. எந்தக் குருவிடம் சேர்ப்பது, எந்தப் போட்டிக்கு எந்தப் பாட்டை எடுப்பது, இசைக்கல்லூரிக்கு அனுப்புவதா, பொறியியல் படித்துக்கொண்டே பாடச் சொல்வதா என்று பெற்றோர் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பயணம் முழுவதையும் தாங்க வேண்டிய தொண்டையைப் பற்றிய பேச்சு மட்டும், அது கட்டிக்கொண்ட பிறகுதான் எழுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் குரல் சிகிச்சையைத் தனித்துறையாக எடுத்துக்கொண்டு, பாடும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வரும் மருத்துவர் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். குரல் என்னும் கருவி பதின்பருவம் முடியும் வரை உருவாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆண்டுகளில் கிடைக்கும் எந்தப் பரிசும் அதைப் புண்படுத்திப் பெறத் தக்கதல்ல.

தொண்டைக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் குரல்நாண், பிறந்த குழந்தைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அது ஏறத்தாழ 11 முதல் 15 மில்லிமீட்டராகவும், ஆணுக்கு 17 முதல் 21 மில்லிமீட்டராகவும் நீள்கிறது. நீளத்தைவிட முக்கியமானது உள்ளமைப்பு. பெரியவர்களின் குரல்நாணில் மேலே மெல்லிய சவ்வும், அதன் கீழே கூழ் போல நெகிழும் ஓர் அடுக்கும், அதற்கும் கீழே இழைகள் செறிந்த உறுதியான நாரும், அடியில் தசையும் தனித்தனி அடுக்குகளாக இருக்கின்றன. நாம் இனிமை என்றும் கனிவு என்றும் சொல்வதெல்லாம், மேலடுக்கு கீழடுக்கின் மீது தடையின்றி அலையடிப்பதால் வருவது. பிறக்கும்போது இந்த அடுக்குகள் பிரிந்திருப்பதில்லை. சிறுகச் சிறுக உருவாகிப் பதின்பருவத்தில்தான் நிறைவடைகின்றன. பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களைப் போலவே பாடுகிறது என்று நாம் வியந்தாலும், அது பாடுவது பெரியவர்களின் குரல்நாணைக் கொண்டு அல்ல.

உழைப்பின் அளவையும் பார்க்க வேண்டும். ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது பாடுபவரின் அடிப்படைச் சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) பாடும் பெண்ணுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடு வரிசையின் ‘ச’, நொடிக்குச் சுமார் 208 அதிர்வுகள். மேல் வரிசையான தார ஸ்தாயியின் ஷட்ஜம் 415. அதற்கு மேலே பஞ்சமத்தை, அதாவது ‘ப’வைத் தொட்டால் 620-க்கும் அதிகம். அதாவது ஒரு நொடிக்குள் இரண்டு நாண்களும் அறுநூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. அந்த உயரத்தில் மொத்தமாக ஒரு நிமிடம் நின்றால் மோதல் முப்பத்தேழாயிரத்தைத் தாண்டிவிடும். எளிதாக, காற்றின் துணையோடு பாடப்படும்போது உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்க அழுத்திப் பாடும்போது தாங்காது.

அண்மையில் சிகிச்சை முடிந்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சிறு நகரம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவள். கர்நாடக இசை கற்றவள், ஐந்து கட்டையில் நன்றாகப் பாடுவாள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்காகத் திரைப்பாடல்களை ‘ஒரிஜினல் ஸ்கேல்’ எனப்படும் மூல சுருதியிலேயே பாட வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்து, தினமும் பள்ளி விட்டு வந்த பிறகு கரோக்கி இசைக்கு ஈடுகொடுத்துப் பல மணி நேரம் பாட வைத்திருக்கிறார்கள். மாலையில் குரல் கரகரக்கும், காலையில் சரியாகிவிடும். இப்படியே சில மாதங்கள் போன பின்பு காலையிலும் சரியாகவில்லை. தேர்வுச் சுற்றுக்குப் பத்து நாள் இருக்கும்போது, “அதற்குள் ஊசி போட்டாவது சரி செய்துவிடுங்கள் டாக்டர்” என்று தாயார் அழைத்து வந்தார்.

நாக்கைத் துணியால் மெல்லப் பிடித்துக்கொண்டு, வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, “ஈ” என்று சொல்லச் சொன்னோம். விட்டு விட்டு ஒளிரும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி விளக்கில் குரல்நாண்களின் அசைவு மெதுவாக நடப்பது போலத் திரையில் தெரியும். இரண்டு நாண்களும் நெருங்கி வந்தன. முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் இரண்டிலும் எதிரெதிராக வெண்மையான சிறு மேடுகள் இருந்ததால், அங்கே மட்டும் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் மூடாமல் நின்றன. அந்த இடைவெளிகளில் காற்று கசிந்தது. மண்வெட்டி பிடிக்கும் உள்ளங்கையில் காய்ப்பு விழுவது போல, ஓயாத மோதலால் ஏற்படும் இந்தத் தடிப்பைத்தான் குரல்நாண் முடிச்சு என்கிறோம். திரையைப் பார்த்த தாயார் கேட்ட முதல் கேள்வி, லேசரால் எடுத்துவிட முடியுமா என்பது.

பிள்ளைகளின் குரல்நாண் முடிச்சுக்கு அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. வெட்டும் இடத்தில் தழும்பு விழுந்தால், மேலடுக்கு அலையடிக்கும் தன்மையை அந்த இடத்தில் இழந்துவிடும்; தவிர, முடிச்சை உண்டாக்கிய பழக்கம் மாறாவிட்டால் அது மீண்டும் வரும். இந்தச் சிறுமிக்குப் பேச்சு மற்றும் குரல் சிகிச்சையாளர் வாரந்தோறும் பயிற்சி அளித்தார். உறிஞ்சுகுழல் ஒன்றைத் தண்ணீர்க் கோப்பையில் இரண்டு விரற்கடை அளவுக்கு அமிழ்த்தி, குமிழி வர ஊதிக்கொண்டே சுரம் ஏற்றி இறக்குவது அவற்றில் ஒன்று. குழலில் தேங்கும் காற்றழுத்தம் நாண்கள் கடுமையாக மோதாமல் பார்த்துக்கொள்கிறது. அவளுடைய குருவோ, என்னைவிட விரைவாகப் பிரச்சினையைப் புரிந்துகொண்டவர். சுருதியை நாலரைக் கட்டைக்கு இறக்கி, தார ஸ்தாயியைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்து, கீழ் வரிசையான மந்தர ஸ்தாயியில் ‘ஆ’ என்று மெல்லப் பாடும் அகாரப் பயிற்சியும், வாய் திறவாமல் தாளம் போட்டுக் கற்கும் பாடங்களும் தந்தார். அந்த ஆண்டுப் போட்டி கைவிட்டுப் போயிற்று. ஆறு மாதம் கழித்து எடுத்த பதிவில் நாண்கள் சீராக மூடின. பெற்றோருக்கு அந்த ஆறு மாதம் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நான் அறிவேன். பரிசை விட்டுவிட்டுக் காத்திருந்தார்களே, அதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. காலையில் தொண்டை தளர்ந்த பிறகு, பிள்ளையைத் தார ஸ்தாயி ஷட்ஜத்திலும் அதற்குச் சற்று மேலேயும் “ஊ” என்று மிக மிக மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பாடச் சொல்லுங்கள். நாண்கள் வீங்காமல் இருந்தால் ஒலி உடனே பிறக்கும். முதலில் வெறும் காற்று வந்து பிறகு ஒலி வந்தாலோ, ஓங்கிப் பாடினால் மட்டுமே சுரம் நிற்கிறது என்றாலோ வீக்கம் இருக்கக்கூடும். உரக்கப் பாடும்போது இந்தக் குறை மறைந்துவிடுவதால்தான், மேடையில் நன்றாகத்தானே பாடினாள் என்று பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

சட்டமும் இங்கே துணைக்கு வருகிறது என்பதைப் பல பெற்றோர் அறிந்திருக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தமும் 2017-இன் விதிகளும், 14 வயது நிறையாத குழந்தைக் கலைஞர்களைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. பாடுவோரும் அதில் அடங்குவர். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் அவர்களை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் பிள்ளை நள்ளிரவு வரை தன் முறைக்காகக் காத்திருக்க நேர்ந்தால், இந்த விதிகளைச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஆண் பிள்ளைகளுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. மகரக்கட்டு என்று நம் முன்னோர் சொன்ன குரல் உடைவு பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே நிகழ்கிறது. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடிய பையன் ஒன்றரைக் கட்டையில் வந்து நிற்பான். பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் கோலோச்சிய காலத்தில், மகரக்கட்டு வந்ததும் பாடும் வேடங்களை இழந்த சிறுவர்கள் பலர். இன்று குழந்தைப் பாடகனாகப் பெயர் பெற்ற பையனும் அதே இழப்பைத்தான் அனுபவிக்கிறான், முன்பு கைதட்டிய உறவினர்களே “என்னப்பா, குரல் இப்படி ஆயிடுச்சு?” என்று கேட்கும்போது அவன் வாயைத் திறக்கவே கூசுகிறான். பழைய சுருதியை எட்டிப் பிடிக்க வற்புறுத்துவதும், பாட்டை அடியோடு நிறுத்திவிடுவதும் இரண்டுமே தவறு என்பது என் கருத்து. எளிதாக வரும் நாலைந்து சுரங்களுக்குள் தினமும் சிறிது நேரம் பாடவிட்டு, சுருதியை மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்த்து மாற்றிக்கொண்டே வர வேண்டும். அந்த இடைவெளியில் வீணையோ கீபோர்டோ கற்பதும், லயத்தை உறுதி செய்வதும், பெரிய வித்வான்களை நிறையக் கேட்பதும் பின்னாளில் அவனைத் தேர்ந்த பாடகனாக்கும். உடல் வளர்ந்து மீசை அரும்பிய பிறகும் பேச்சுக்குரல் கீச்சென்றே நின்றுவிட்டால், அதற்குக் குரல் பயிற்சியில் நல்ல தீர்வு உண்டு; பெரும்பாலோர் குறுகிய காலத்தில் தேறிவிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இறக்கம் இரண்டு மூன்று அரைச்சுரங்கள்தான் என்றாலும், சில காலம் குரலில் காற்று கலந்து ஒலிக்கும். அதைச் சாதகம் போதவில்லை என்று தவறாக எண்ணி அழுத்திப் பாட வைப்பதிலிருந்துதான் நான் பார்க்கும் முடிச்சுகளில் பல தொடங்குகின்றன.

கைவைத்தியத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பனங்கற்கண்டுப் பாலும் அதிமதுரமும் தொண்டைக்கு இதமளிப்பவை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். குடிக்கும் தண்ணீரும் உடலில் சேர்ந்து, சில மணி நேரம் கழித்தே நாண்களை ஈரமாக்கும். மேடையேறுமுன் ஒரு மிடறு குடிப்பதைவிட நாள் முழுவதும் குடித்துவருவதே பயன் தரும். ஐஸ்கிரீமால் முடிச்சு வருவதில்லை. கச்சேரி முடிந்து இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுப்பதால் இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையை எரிச்சலூட்டுவதுதான் உண்மையான கேடு. தொண்டை கட்டியிருக்கும்போது ரகசியம் பேசுவது போலக் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது. அதிலும் நாண்கள் இறுகுகின்றன. பரிசோதிக்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறுவது பேராபத்து. வீக்கம் தற்காலிகமாக அடங்கி வலுவாகப் பாட முடிவதால், நாணில் இரத்தக் கசிவு இருந்தால் அது பெருகிவிடும். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அடைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

பதினெட்டு வயதைக் கடந்து பாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்களின் நாள் எப்படி இருக்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. திரையில் பெயர் வருவதற்கு முன்பு நெடுங்காலம் டிராக் (வேறொரு பாடகர் பின்னர் பாடவிருக்கும் பாட்டுக்கு மாதிரிப் பதிவு) பாடுவதும், கோரஸ் பாடுவதும், கல்யாண வரவேற்புகளில் பாடுவதும், மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதுமாகத்தான் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். சபா மேடையை நாடுவோருக்கு மார்கழியின் நண்பகல் வாய்ப்புகளே தொடக்கம். திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவோடு இரவு ஒன்பதுக்குத் தொடங்கி நடுநிசி தாண்டிப் பாடும் இளைஞருக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. டிரம்ஸின் ஓசைக்கு மேல் கேட்கவேண்டும் என்று தன்னையறியாமல் கத்திவிடுவார். முன்னால் ஒரு மானிட்டர் ஒலிபெருக்கி வேண்டும் என்று குழுவிடம் கேட்பது ஆடம்பரமல்ல, பிழைப்புக்கான பாதுகாப்பு. வகுப்பெடுப்போர் ஒவ்வொரு பிள்ளையின் சுருதியிலும் கூடவே பாடிக்கொண்டிருப்பதைக் குறைத்து, ஒருமுறை பாடிக்காட்டிவிட்டுக் கேட்பதே நல்லது.

சளிக்காய்ச்சலோடு வரும் கரகரப்பு பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாணைக் கண்ணால் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். பாடும்போது அசையும் குரல்நாணைப் பல்மருத்துவர் கண்ணாடியும் சூரிய ஒளியும் கொண்டு 1854-இல் தானே பார்த்து, மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் விவரித்த மனுவேல் கார்சியா மருத்துவர் அல்லர், பாட்டு ஆசிரியர். அவருக்குப் பிறகு வந்த பாட்டு ஆசிரியர்கள் இந்தப் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. குரல் நன்றாக இருக்கும்போதே, உடைவு முடிந்த பிறகு ஒருமுறை இதைச் செய்து அந்தக் காணொளிப் பதிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொந்தரவு வரும்போது எது புதிது, எது அந்தப் பிள்ளைக்கு இயல்பானது என்று ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு அதைவிட உதவும் பொருள் வேறில்லை. வரும்போது சுருதிப் பெட்டியையும், பாடும்போது கைப்பேசியில் பதிந்த பழைய பாட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் குருவையும் உடன் அழைத்து வாருங்கள்.