மகளின் நோட்டை என்னிடம் கொண்டுவராதீர்கள்

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், இவ என்னத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கான்னு நீங்களே வாசிச்சுப் பாருங்க." மகள் வெளியே பெஞ்சில் இருந்தாள். பதினேழு வயது. சாப்பாட்டுக் கோளாறுக்குச் சிகிச்சைக்காக என்னிடம் வருகிறவள்; எழுதச் சொன்னது நான்தான். இந்த வருடம் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது நோட்டு இது. (ஊர், வயதெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன்.)

பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த தாய்க்குத் தெரியக்கூடாத காரியம் அப்படி என்ன இருக்கு?"

அந்தப் பெண்ணின் கதை தவக்காலத்தில் தொடங்கியது. ஒருசந்தி என்று ஒருவேளைச் சாப்பாட்டை விட்டாள். ஈஸ்டர் முடிந்தும் விட்டது விட்டதுதான். அப்புறம் ராத்திரி யாரும் பார்க்காமல் அள்ளிச் சாப்பிடுவது, உடனே பாத்ரூமில் வாந்தி. வீட்டில் முதலில் கேஸ் என்றார்கள், பிறகு கண்ணு பட்டது என்றார்கள். என்னிடம் வரும்போது எட்டு மாதம் ஓடியிருந்தது.

இந்தக் கோளாறோடு வருகிற பிள்ளைகளிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "குண்டா இருக்கேன்." கோபம், பயம், அவமானம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். அதனால்தான் எழுதச் சொல்கிறேன், 'குண்டு' என்ற சொல்லைத் தொடாமல். முதல் நாள் பள்ளிக்கூடக் கட்டுரைபோல முத்து முத்தான கையெழுத்தில், முடிவுரையோடு வரும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுது மக்களே, தப்பும் தவறுமாக இருக்கட்டும் என்பேன். மூன்றாம் நாள் கையெழுத்து கோணலாகும். எனக்கு அதுதான் நல்ல சகுனம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1986-இல் பென்னிபேக்கர், பீல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், மனதை உலுக்கிய அனுபவத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். நடந்ததோடு உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த நேரத்தில் அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்துத்தான் இருந்தது. "எழுதினப்புறம் அழுதா மேடம், நிறுத்திடட்டா?" என்று போன் செய்யும் அம்மாக்கள் இதைக் கவனிக்கவும். இன்னொன்று: எழுதியது யாருடையது என்று வெளியே தெரியாது என்ற உறுதியை அவர்களுக்கு முதலிலேயே கொடுத்திருந்தார்கள். நாம் அதைத்தான் முதலில் உடைக்கிறோம்.

அந்த அம்மாவைக் காயப்படுத்தியது நோட்டில் இருந்த ஒரு கடிதம். லண்டனில் அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் நோய்) சிகிச்சையில் வந்த முறை அது: நோய்க்கே இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஒன்று அதை நண்பனாக நினைத்து, இன்னொன்று எதிரியாக நினைத்து. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் 'நீ மட்டும்தான் எனக்குத் துணை, வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது' என்று வரும். வரத்தான் வேண்டும்! நோய் இத்தனை நாள் அவளுக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று தெரியாமல் அதை எப்படி விடச் சொல்வது? அது அம்மாவைப் பற்றிய தீர்ப்பு இல்லை, புகார் மனுவும் இல்லை. பாதி வழியில் போய்க்கொண்டிருக்கிற பேச்சு. நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் வாசித்தால் யாருக்கும் நெஞ்சு வலிக்கும். வாசித்ததை ராத்திரி சாப்பாட்டு மேசையில் கேட்டால், மறுநாளிலிருந்து அவள் உங்களுக்காக எழுதுவாள். 'இன்று மகிழ்ச்சியாக இருந்தேன்' என்று. எனக்கு அந்த நோட்டால் பயனில்லை. அவளுக்கும்தான்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லிவிடுவேன் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லித்தான் தொடங்குகிறேன். அந்தப் பயம் உங்களுக்கு இருந்தால் நோட்டைத் துழாவாதீர்கள்; நேராக அவளிடம் கேளுங்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் புதிதாக வந்துவிடாது. நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், நோட்டு மருந்து இல்லை. மயங்கி விழுகிற பிள்ளைக்கு, மாதவிலக்கு நின்றுபோன பிள்ளைக்கு, தினமும் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு முதலில் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எங்கேயாவது. வாந்தியில் பொட்டாசியம் இறங்கினால் இதயம் தடுமாறும். எடை சரியாக இருக்கிற பிள்ளைக்கும்தான். பட்டினி கிடக்கிற மூளையிடம் கவிதை எழுதச் சொல்லிப் பயனில்லை. யூடியூப் பார்த்து நீங்களாகவே நோட்டு வாங்கிக் கொடுத்து, "தின்னதையெல்லாம் கலோரியோட எழுது" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கணக்கை அவள் ஏற்கெனவே தூக்கத்தில்கூடப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பையன்களுக்கும் இது வரும். ஜிம், புரோட்டீன் பவுடர் என்று வேறு பெயரில்.

எழுதுவது பதினைந்து, இருபது நிமிடம் போதும். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். கிழித்துப் போட்டாலும் சரி. நாளுக்கு நாள் மனம் இறங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு என்னிடம் வரட்டும்.

அந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: வாசித்துவிட்டேன் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வெளியே போனார். இந்த வாரம் இருவரும் வந்தார்கள். அம்மா சொல்லிவிட்டாராம். மகள் புது நோட்டு இன்னும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எடை பார்த்தோம், வெறுமனே பேசிக்கொண்டிருந்தோம்.