தட்டுவடைக் கடைப் பலகையும் கண்ணின் கணக்கும்

சேலம் ஐந்து ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் என் தாய்மாமா தட்டுவடை செட் கடை போட்டிருக்கிறார். போன வருஷம் கடைக்குப் புதுப் பலகை வைத்தார். பத்தடிக்கு நாலடி பிளெக்ஸ். இடது ஓரத்தில் கொழுகொழுவென்று சிரிக்கும் ஒரு குழந்தை முகம். யார் வீட்டுக் குழந்தை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வலது ஓரத்தில் முருகன். நடுவே கடைப் பெயர்: மஞ்சள் எழுத்து, சிவப்புக் கரை, கறுப்பு நிழல். அதற்குக் கீழே தட்டுவடை செட், முறுக்கு செட், நொறுக்கல், முட்டை நொறுக்கல், மாங்காய் செட் என்று பதினான்கு பண்டங்கள், விலையோடு. இடையிடையே ‘புதியது’, ‘ஸ்பெஷல்’ என்று ஆறு நட்சத்திரங்கள். மிச்சமிருந்த மூலைகளில் மூன்று போன் நம்பர்.

ஒரு வாரம் கழித்து மாமா கூப்பிட்டார். “மாப்ள, போர்டுல எல்லாத்தையும் எழுதித்தான் போட்டிருக்கு. ஆனா எதிர்ப்பக்கம் நின்னு போர்டையே பாத்துட்டு வர்றவன்கூட, நொறுக்கல் இருக்காண்ணான்னு கேக்கறான். எழுத்தை இன்னும் பெருசா போடச் சொல்லட்டுமா?”

பெரிதாகப் போட்டால் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணின் கணக்கு வேறு.

கையை முன்னால் நன்றாக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் பார்வையில் சுமார் 2 டிகிரி. உங்கள் கண் உண்மையிலேயே கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான். விழித்திரையின் நடுவில் மையக்குழி என்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நிறமும் நுணுக்கமும் பிரித்தறியும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதை விட்டு விலக விலக அவை வேகமாகக் குறைந்துவிடும். அப்படியென்றால் உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிகிறதே? அது கண் ஓடி ஓடிச் சேகரித்துத் தருவது. வினாடிக்கு மூன்று நான்கு தடவை அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. ஒவ்வோர் இடத்திலும் கால் வினாடி போல நிற்கிறது. தாவும்போது வருகிற மங்கலை மூளை அமுக்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

மாமா கடைப் பலகையை 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அந்த 2 டிகிரி எவ்வளவு அகலம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 சென்டிமீட்டர். பத்தடிப் பலகையில் இரண்டேகால் அடிதான் ஒரு சமயத்தில் தெளிவு. மிச்சமெல்லாம் ஓரப் பார்வை.

ஓரப் பார்வை மங்கல் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் பலகையைப் படிக்க விடாமல் செய்வது பெரும்பாலும் அந்த மங்கல் அல்ல. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலப்புறம், 6 செ.மீ. தள்ளி, விரல் நக அளவில் ‘ம’ என்று எழுதுங்கள். கண்ணைக் கூட்டல் குறியை விட்டு நகர்த்தாமல் பாருங்கள். ‘ம’ தெரியும். இப்போது அதன் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் ‘ப’, ‘வ’ என்று எழுதிவிட்டு மறுபடி பாருங்கள். ஏதோ மூன்று எழுத்து இருக்கிறது, ஆனால் நடுவில் இருப்பது என்ன என்றால் தடுமாறும். நாமே எழுதியது என்பதால் மனசு கொஞ்சம் ஏமாற்றும். வீட்டில் வேறு யாரையாவது நடு எழுத்தை மாற்றி எழுதச் சொல்லிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

நடு எழுத்தின் இடம் மாறவில்லை, அளவு மாறவில்லை, மை மாறவில்லை. மாறியது அக்கம்பக்கம் மட்டும்தான். பார்வை ஆய்வாளர்கள் இதை நெரிசல் என்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் பௌமா 1970-ல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு ஓர் எளிய அளவு சொன்னார். கண் பதிந்த இடத்திலிருந்து எழுத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதில் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்து இருந்தால் அது குழப்பும். உங்கள் தாளில் தூரம் 6 செ.மீ. என்றால், 3 செ.மீ.க்குள் வருகிற எதுவும் இடைஞ்சல்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம், அந்தப் பாதித் தூரம் எழுத்தின் அளவைப் பொறுத்தது அல்ல என்பது. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அப்படியே விட்டால், நெரிசலும் அப்படியே இருக்கும். மாமா பலகையில் முதலில் கண் போவது குழந்தை முகத்துக்கு. மனிதக் கண்ணுக்கு முகம் என்றால் அப்படி ஒரு இழுப்பு. ‘நொறுக்கல்’ அங்கிருந்து ஐந்தடி தள்ளி. சுற்றிலும் இரண்டரை அடிக்கு ஆள் இருக்கக் கூடாது. அங்கே இருந்ததோ ஐந்து பண்டம், இரண்டு நட்சத்திரம், ஒரு போன் நம்பர்.

ஏன் இப்படி? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. பார்வையின் மையத்தில் மூளை காட்சியைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அள்ளுகிறது. விலக விலகக் கிண்ணம் பெரிதாகிக் கூடையாகிவிடுகிறது. கூடையில் ஒரே ஒரு மல்கோவா இருந்தால் மல்கோவா என்று தெரியும். மல்கோவா, இமாம்பசந்த், சேலம் குண்டு எல்லாம் சேர்ந்து விழுந்தால், கிடைப்பது ஜூஸ். மாம்பழம் என்று தெரியும், எந்த மாம்பழம் என்று தெரியாது. எழுத்திலும் அதேதான். கோடு, வளைவு, புள்ளி எல்லாம் உள்ளே வருகின்றன, ஆனால் எது எதோடு சேர்ந்தது என்ற விவரம் கரைந்துவிடுகிறது. ஓர் எழுத்தின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறும், ஒன்றின் கொம்பு இன்னொன்றுக்குப் போகும்.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் சங்கடம். ‘ஞ’, ‘ணை’ போன்றவை தமக்குள்ளேயே ஒரு கூட்டம். ஓர் எழுத்தின் உறுப்புகளே ஒன்றையொன்று நெருக்கும். அதன் மேல் சிவப்புக் கரை ஒன்று, நிழல் ஒன்று சேர்த்தால், ஒரு கோடு இருந்த இடத்தில் மூன்று விளிம்புகள். டிசைனர் அழகு செய்வதாக நினைத்துக் கூட்டத்தைக் கூட்டுகிறார்.

ஓலைச்சுவடி படித்த நம் முன்னோரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுளும் உரையும் ஒரே ஓட்டம். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் சுவடி வாசிப்பு தனியாகப் பழக வேண்டிய வித்தையாக இருந்தது. அச்சு வந்தபோது சொற்களுக்கு நடுவில் விட்ட அந்த வெற்றிடத்துக்கு ஒரு துளி மை செலவில்லை. அது படிப்பைச் சுலபமாக்கியது மாதிரி வேறு எந்த அலங்காரமும் ஆக்கவில்லை என்பேன்.

நட்சத்திரங்களுக்கு வருவோம். உளவியலாளர் ஆன் டிரீஸ்மன் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1980-ல் வெளியிட்ட ஆய்வு, தேடலைப் பற்றியது. சுற்றியிருப்பவை எல்லாம் ஒரு நிறம், தேடுவது மட்டும் வேறு நிறம் என்றால், அது தானாகத் துள்ளிக்கொண்டு கண்ணில் படும். சுற்றி ஐந்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் பிடிக்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நிறமும் வடிவமும் சேர்ந்துதான் அடையாளம் என்று ஆகிவிட்டால், ஒவ்வொன்றாக நின்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற நேரமும் ஏறும். ஒரே ஒரு மஞ்சள் நட்சத்திரம் இருந்திருந்தால் அது துள்ளியிருக்கும். ஆறு இருந்ததால் அது வெறும் பின்னணி. ரூத் ரோசன்ஹோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெரிசலான காட்சியை அளக்க ஒரு வழி சொன்னார்: இதற்குள் புதிதாக ஒன்றை வைத்து அதைக் கண்ணில் பட வைப்பது எவ்வளவு கஷ்டம்? எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு அடைசல். மாமா பலகையில் புதிதாக எதையாவது துள்ள வைக்க வேண்டுமானால் பட்டாசுதான் கொளுத்த வேண்டும்.

விலைப் பட்டியலில் இன்னொரு கூத்து. பண்டத்தின் பெயர் இடது ஓரம், விலை வலது ஓரம், நடுவில் மூன்றடி. வரிக்கும் வரிக்கும் நடுவில் நாலு விரல்கடை. ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே எழுதிவைத்தார்: பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை மனம் ஒரு குடும்பமாகச் சேர்த்துக்கொள்ளும். இங்கே விலைக்கு மிக நெருங்கிய சொந்தம் அதன் பண்டம் அல்ல, மேல்வரி விலை. “தட்டுவடை செட் முப்பதுன்னுதானே போட்டிருக்கு, நாப்பது கேக்கறீங்க?” என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் கண் ஒரு வரி வழுக்கிவிட்டது.

இந்தச் சமாச்சாரத்தை எல்லாம் மனசில் போட்டுக்கொண்டே அடுத்த ஞாயிறு ஏற்காடு போனேன். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் வண்டி வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது. 40 மீட்டர் தள்ளித் தெரிகிற பலகைக்கு மொத்தம் 5 வினாடிதான் ஆயுள். அதிலும் பாதிக்கு மேல் கண் சாலையில்தான் இருக்க வேண்டும், எதிரே பஸ் ஒடித்துத் திரும்பும். பலகைக்குக் கிடைப்பது ஐந்தாறு தாவல்கள். சிவப்புக் கரை போட்ட முக்கோணம், உள்ளே மடங்கிய ஓர் அம்பு, சுற்றிலும் காட்டின் பச்சை. ஒரே பார்வையில் வேலை முடிந்தது. அதே சாலை மேலே ஏரி ரவுண்டானா பக்கம் போய்ச் சேரும்போது, காபித்தூள், ஹோம்ஸ்டே, தேன், மிளகு என்று இருபது பலகைகள் ஒன்றின் தோளில் ஒன்று. நான் போக வேண்டிய வழியைக் காட்டிய அம்புக்குறி அவற்றுக்கு நடுவேதான் இருந்தது என்று திரும்பி வரும்போதுதான் கண்டேன்.

பிரிட்டனில் 1950-களின் கடைசியில் நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் இருவரும் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு உரிய வெற்றிடத்தோடு சேர்த்து ஒரு ஓடு மாதிரி வரைந்தார்கள். ஓடுகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் போதும், இடைவெளி தானாக அமைந்துவிடும். பலகை செய்கிறவர் நினைத்தால்கூட நெருக்கிப் போட முடியாது. வெற்றிடத்தை மிச்சம் மீதியாக நினைக்காமல் எழுத்தின் ஓர் உறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் டிசைனரிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியவில்லை. “சார், சதுர அடிக்குத்தான் காசு வாங்கறோம். காலியா விட்டா உங்க மாமாவுக்குத்தான் நஷ்டம்” என்றார். காலியிடம் என்பது பணம் கொடுத்து வாங்கிப் பயிரிடாமல் போட்ட நிலம் அவருக்கு. நியாயமும் இல்லாமல் இல்லை. அடைசலுக்கும் ஒரு பேச்சு உண்டு. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் மூட்டையும் டப்பாவும் கூரை வரை நிறைந்து கிடப்பது ‘எங்களிடம் எல்லாம் இருக்கிறது’ என்று சொல்லாமல் சொல்வது. அங்கே யாரும் படிக்க வரவில்லை. தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் திணிந்தால்தான் ருசி. எதிர்த் தப்பும் பார்த்தேன். மாமா பையன் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கோடும் மட்டும் வரைந்து எடுத்து வந்தான். சுத்தமாகத்தான் இருந்தது. பல் ஆஸ்பத்திரி என்று நினைத்துத்தான் ஆள் வந்திருப்பார்கள்.

கடைசியில் நடுவழியில் ஒரு பலகை வந்தது. வெள்ளைத் தரை, கரும்பச்சை எழுத்து, கரையும் இல்லை, நிழலும் இல்லை. ‘தட்டுவடை செட்’ நடுவில். கீழே, நன்றாக இடம் விட்டு, ‘நொறுக்கல்’, ‘முறுக்கு செட்’. கடைப் பெயர் மேலே சின்னதாக. குழந்தை போய்விட்டது. முருகன் கல்லாவுக்கு மேலே குடியேறினார். பதினான்கு பண்டங்களும் கடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில், பெயரை ஒட்டியே விலை. அங்கே கையெட்டும் தூரத்தில் நின்று நிதானமாகப் படிக்கலாம். எழுத்தின் அளவு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடைப் பெயரைத் தவிர பழையதேதான்.

ஒரு மாசம் கழித்து மாமா போன் பண்ணினார். நொறுக்கல் இருக்கா என்று இப்போது யாரும் கேட்பதில்லையாம்.

“ஆனா மாப்ள, முட்டை நொறுக்கல் இருக்காண்ணான்னு கேக்கறாங்க. அதையும் ஓரமா போட்டுரலாமா?”