யாரும் மீட்டாத சுரம்

"இரண்டு கிட்டார்தானே வாசிக்கிறார்கள், மலை சரிகிற மாதிரி எப்படிக் கேட்கிறது? அத்தனை இரைச்சலிலும் அந்தப் பெண் குரல் எப்படி அமுங்காமல் வருகிறது?" கோத்திக் மெட்டல் (இருண்ட, கனமான ராக் வகை) சாயலுள்ள ஒரு போஸ்ட்-ராக் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

பெரிய மண்டபத்துக்குள் பாடுவது போன்ற அந்த ஆழத்தை முதலில் முடித்துவிடலாம். அது ரிவெர்ப். ஒலியின் ஏராளமான நகல்களைச் சற்றுத் தாமதித்து, தேய்த்துக்கொண்டே சேர்ப்பது. 1960-களின் தொடக்கத்திலேயே பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் இதைக் கணக்குப்போட்டே உண்டாக்கலாம் என்று காட்டிவிட்டார். ரிவெர்ப் எவ்வளவு போட்டாலும் புதிதாக ஒரு சுரம்கூடப் பிறக்காது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் அப்படியல்ல. அது சுரங்களை ஈனும்.

காற்றில் இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கோ (சுருக்கமாக ஆம்ப்) ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எழும் அலையின் தலையைச் சீவிவிடும். இரண்டு கம்பிகளின் அலைகளை ஒன்றாக உள்ளே அனுப்புங்கள். மெதுவான அலை உச்சியில் இருக்கும்போது அதன் முதுகில் சவாரி செய்யும் வேகமான அலை கூரையில் இடித்து நசுங்கும். மெதுவான அலை நடுவுக்கு இறங்கியதும் இது தப்பித்துவிடும். ஆக, ஒரு கம்பியின் தலையெழுத்தை இன்னொரு கம்பி எழுதுகிறது. இந்தக் குறுக்கீட்டிலிருந்துதான் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன.

மெட்டல்காரர்கள் பெரும்பாலும் ச, ப இரண்டை மட்டும் சேர்த்து அடிப்பார்கள். பவர் கார்டு என்று பெயர். ச 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 110 அதிர்வுகள்) என்றால் ப 165 (கிட்டாரில் ஒரு மயிரிழை குறைவு). வித்தியாசம் 55. கூட்டினால் 275. முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் மறுபடியும் 55! எல்லாமே 55-இன் மடங்குகள். 55 என்பது அதே ச, ஒரு ஸ்தாயி கீழே. வழக்கமான சுதியில் கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அதற்கும் கீழே, பேஸ் கிட்டாரின் எல்லைக்குள், யாருமே மீட்டாத ஒரு சுரம் உறுமுகிறது. சின்ன ஹெட்போனால் 55-ஐ எழுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை. 110, 165, 220 என்று வரிசை வந்தாலே மூளை அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு கிட்டார்களுக்கு ஆளுக்கொரு சுரம் கொடுத்து, தனித்தனி ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு இருக்கும், உறுமல் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதே கழித்தல் கணக்கு நம் உட்செவியிலும் நடக்கிறது. பச்சிளங்குழந்தையின் காதில் இரண்டு சுரங்களை ஒலிக்கவிட்டு, மூன்றாவது ஒன்று திரும்பி வருகிறதா என்று மைக் வைத்துச் சோதிக்கிறார்கள். வந்தால் உட்செவி நன்றாக வேலை செய்கிறது. காது தானே ஒலி எழுப்பும் என்று டேவிட் கெம்ப் 1978-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த சோதனை இது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு ஆய்வுப் பணத்தை நிறுத்துகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, அந்த ஆல்பத்தில் கேட்கும் சோகம் எங்கே? ச-ப ஜோடியில் சோகமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அதைச் சொல்வது இரண்டுக்கும் நடுவிலுள்ள காந்தாரம். சோகத்துக்குரிய சாதாரண காந்தாரத்தை, சுமார் 131 ஹெர்ட்ஸில், அதே ஆம்ப்புக்குள் தள்ளினால் 21, 89 என்று ஒட்டாத எண்கள் கிளம்பி எல்லாம் சேறாகிவிடும். அதனால் கனமான பகுதிகளில் கிட்டார்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் காலியாகவே விடுகின்றன. பாடகி வருவது அங்கேதான். குரல் அந்த ஆம்ப்புக்குள் போவதில்லை. இரண்டு ஸ்தாயி மேலே, 523 ஹெர்ட்ஸ் பக்கம், ரிவெர்ப் மட்டும் பூசிக்கொண்டு தனியாக மிதக்கிறது. அதை நசுக்க அங்கே அந்த ஆம்ப்பின் கூரை இல்லை.

அடுத்த முறை குரல் நுழையும் நொடியைக் கவனியுங்கள். அதுவரை கிட்டார்தான் அழுதது என்று நினைத்திருப்பீர்கள்.