பிரேக்கை மிதிக்கத் தெரியுமா உங்களுக்கு?

வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று, என்னிடம் ஓட்டுநர் பயிற்சிக்கு வந்த காலையிலேயே மூன்று முறை சொல்லிவிட்டார். மகனின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்தாராம். மனைவியும் கூட வந்து, கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பயிற்சி மிக எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளைத் தாண்டியதும் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

முதல் முறை அவர் சிக்னலில் நிற்பதுபோல் பதமாக நிறுத்தினார். கூம்பிலிருந்து நாற்பது மீட்டருக்கு மேல் போயிருந்தது. "ஐயா, குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டாம் முறை ஓங்கி மிதித்தார். ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கியதும் மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. சட்டென்று காலை எடுத்துவிட்டார். வண்டி தன்பாட்டுக்கு உருண்டு போனது. "சார், ஏதோ உடைந்துவிட்டது" என்றார் பதறி. எதுவும் உடையவில்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் கருவி நொடிக்குப் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது, அந்த அதிர்வுதான் அது என்று விளக்கினேன். மூன்றாம் முறை காலை எடுக்கவில்லை. இருபது மீட்டரைச் சற்றுத் தாண்டி வண்டி நின்றது.

இறங்கி வந்தவர் கூம்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பது வருடமாக இதை நம்பியா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்?" என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோவையில் பல ஆண்டுகளாக இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். முதல் முயற்சியிலேயே பிரேக்கை முழுதாக மிதித்தவர்களை எண்ணிவிடலாம். நம் ஊரில் உரிமம் வாங்க இருசக்கர வண்டிக்கு எட்டு போட வேண்டும், காருக்கு ஆங்கில 'எச்' வடிவில் முன்னும் பின்னும் நகர்த்திக் காட்ட வேண்டும். இரண்டுமே ஊர்ந்துகொண்டே செய்யும் வேலைகள். அறுபதில் வரும்போது ஆபத்து குறுக்கிட்டால் என்ன செய்வாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 2019 ஏப்ரல் முதல் எல்லா புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது உயிர் பெற்றால் காலுக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. வண்டியை விற்பவர் பாட்டுப் பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் விளக்குகிறார்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இதையெல்லாம் பயிற்சிக் களத்தில் தீர்த்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. குண்டும் குழியுமான சாலை, எதிர்த்திசையில் வரும் வண்டி, தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்து ஓட்டும் பழக்கம் என்று காரணங்கள் ஆயிரம். என் கைக்கு எட்டுவது ஸ்டீயரிங் பிடித்திருப்பவரின் கணிப்பு ஒன்றுதான்.

அந்தக் கணிப்பு எவ்வளவு தவறானது என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரே மாதிரி இரண்டு கார்கள் அடுத்தடுத்த தடங்களில் வருகின்றன. ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்தில், மற்றது 100இல். இருவரும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். 80இல் வந்தது நின்றுவிட்டது. அந்த இடத்தில் 100இல் வந்தது என்ன வேகத்தில் இருக்கும்? இருபது என்பார்கள் பெரும்பாலோர். விடை 60. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: நூறின் வர்க்கம் பத்தாயிரம், எண்பதின் வர்க்கம் ஆறாயிரத்து நானூறு, கழித்தால் மூவாயிரத்து அறுநூறு, அது அறுபதின் வர்க்கம். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டுகிறார்கள். அதையே கூம்பு வைத்து, தன் வண்டியில், தன் காலால் செய்து பார்த்தவர் முகம் வேறு மாதிரி ஆகிறது. இத்தனைக்கும் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 80இல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும்.

இருசக்கர வண்டிக்காரர்களிடம் வேறொரு நோய். "முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்" என்று எந்தக் காலத்திலோ எந்த மாமாவோ சொன்னதை வேதவாக்காக வைத்துக்கொண்டு, ஆயுள் முழுக்கப் பின் பிரேக்கிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. லபக்கென்று பிடிக்காமல், பஞ்சை நசுக்குவதுபோல் படிப்படியாக இறுக்க வேண்டும். ஒரு காலை முழுவதும் இதை மட்டுமே செய்ய வைக்கிறேன். சலிப்பாக இருக்கிறது என்பார்கள். சலிக்கட்டும்.

பயிற்சிக் களத்துக்கு அடுத்த படி பந்தயத் தடம். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட கதை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத் தடத்தை அமைத்தது. எங்கள் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதன் பெயரைத் தாங்கியது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்க்காரர். அதனால் கோவையில் எல்லோருக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்று பொருளில்லை. காந்திபுரம் பக்கம் மாலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள்.

பந்தயம் இல்லாத நாள்களில் இத்தகைய தடங்களைச் சாதாரண ஓட்டுநர்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டைத்தான் டிராக் டே என்கிறோம். பெயரைக் கேட்டு ரேஸ் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக நடத்தப்படும் நாளில் யார் முதலில் வந்தார் என்று யாரும் குறிப்பதில்லை. காலையில் வண்டியைச் சோதிப்பார்கள். டயர், பிரேக் கட்டை, எண்ணெய்க் கசிவு, சங்கிலித் தொய்வு என்று வரிசையாகப் பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகள்மேல் டேப் ஒட்டச் சொல்வார்கள். விழுந்தால் கண்ணாடிச் சில் தடத்தில் சிதறக் கூடாது. கொடிகளைச் சொல்லித் தருவார்கள்: மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், நிதானமாகத் திரும்ப வேண்டும். புதியவர், பழகியவர் என்று குழு பிரித்து, முறை வைத்து, சில சுற்றுகள் ஓட விடுவார்கள்.

இங்கே கிடைப்பது சாலையில் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஒரே வளைவுக்கு ஒரே நாளில் ஐம்பது முறை வரலாம். எதிரே வண்டி வராது. தவறினாலும் ஓரத்தில் ஓடி நிற்க இடம் உண்டு. ஒரு தடவை சீக்கிரம் திரும்பிப் பார்க்கலாம், அடுத்த தடவை தாமதமாக. எது சரி என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டியே சொல்லிவிடும்.

என்னிடம் வந்த கல்லூரி மாணவன் ஒருவன் ஒரே வளைவில் திரும்பத் திரும்ப வெளியே போய்க்கொண்டிருந்தான். வேகம் அதிகமில்லை, சாய்வும் சரி. பின்னாலேயே ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் தலைக்கவசம் எப்போதும் தடத்தின் வெளி ஓரத்தில் அடுக்கிய டயர்களைப் பார்த்தே இருந்தது. "தம்பி, எங்கே பார்க்கிறாய்?" என்றேன். "அந்த டயர்மேல் மோதிவிடக் கூடாதே என்றுதான் அண்ணா பார்க்கிறேன்" என்றான். பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். அடுத்த சுற்றில் டயர்களை மறந்து, வளைவு முடியும் இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. சாலையில் குழியைக் கண்டு கண்ணை எடுக்காமல் நேராக அதிலேயே போய் இறக்குகிறோமே, அதுவும் இதே கதைதான்.

இன்னொன்று பிரேக் சூடு. தடத்தில் நாலைந்து சுற்று விரட்டிய பிறகு மிதி மெத்தென்று கீழே இறங்குவதை உணரலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழைய ஆயில் சூட்டில் எளிதில் கொதித்து ஆவியாகும், ஆவியை அழுத்திப் பயனில்லை. இதைப் பாதுகாப்பான இடத்தில் ஒரு முறை அனுபவித்தவர், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எதற்காக இரண்டாம் கியரில் இறங்கச் சொல்கிறோம் என்று கேட்கமாட்டார். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மெக்கானிக் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதுவரை படித்தவர்கள் நான் ஆள் பிடிக்கிறேன் என்று நினைக்கலாம். கசப்பான பகுதி இனிமேல்தான்.

என் முதல் டிராக் டே முடிந்து ஒரு மாதம் இருக்கும். வயது இருபத்துநான்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிக்கொண்டிருந்தேன். தடத்தில் கற்றதையெல்லாம் அந்த மலைச் சாலையில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் சாய்வு, இன்னும் கொஞ்சம் வேகம். ஒரு வளைவில் மழை அடித்துக்கொண்டு வந்த மணல் படர்ந்திருந்தது. தடத்தில் மணல் கிடந்தால் கொடி காட்டுவார்கள், குன்னூர்ச் சாலையில் யார் காட்டுவது? முன் டயர் நழுவியதுதான் நினைவிருக்கிறது. எதிரே இறங்கி வந்த பஸ்ஸின் ஓட்டுநர் பிரேக்கை முழுதாக மிதிக்கத் தெரிந்தவர். அவர் புண்ணியத்தில் தோள்பட்டை எலும்பு முறிவோடு தப்பினேன்.

எனக்கு நடந்தது தனிக் கதை இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நார்வேயில் புது ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1988இல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற இளைஞர்களின் விபத்துகள் குறையவில்லை, கூடின என்று காட்டியது. ஸ்வீடனில் கிரெகர்சன் என்ற ஆய்வாளர் 1996இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு குழுவுக்குத் திறமையைக் கற்பித்தார்கள். மற்றக் குழுவுக்கு, உன் திறமையை நம்பாதே, நிலைமை உன் கையை மீறிப் போகும் என்பதை உணர வைத்தார்கள். பிறகு ஓட்ட வைத்துச் சோதித்ததில் இரு குழுவும் ஒன்றுபோலத்தான் ஓட்டின. ஆனால் திறமை கற்றவர்கள் தங்களை உள்ளதைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1999இல் ஸ்வீடன் தன் வழுக்குப் பயிற்சிப் பாடத்தையே இந்த உணர்த்தும் முறைக்கு மாற்றிவிட்டது. உரிமம் பெற்றவர்களுக்கு நடத்தும் கூடுதல் வகுப்புகள் விபத்தைக் குறைக்கின்றனவா என்று உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுமம், குறைக்கின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. அதே தொழிலில் சோறு சாப்பிடுகிறவன் நான். மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அதனால் பயிற்சி வகுப்பு தேடுபவர்கள் முதலில் விளம்பரப் படத்தைப் பாருங்கள். புகை கிளப்பிக்கொண்டு கார் பக்கவாட்டில் வழுக்குகிறது, பைக் ஒற்றைச் சக்கரத்தில் நிற்கிறது என்றால் வேறு இடம் பார்க்கலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். உங்கள் சொந்த வண்டியிலேயே ஓட்டலாமா என்று கேளுங்கள், அவசரத்தில் நீங்கள் மிதிக்கப்போவது அந்தப் பிரேக்கைத்தான். முதல் மணி நேரம் இருக்கையைச் சரிசெய்வதில் போனால் நல்ல இடம். முதுகு இருக்கையில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் விழ வேண்டும், பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கட்டிலில் சாய்ந்ததுபோல் அமர்ந்து வருகிறார்கள். டிராக் டே போவதானால் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். நம் நாட்டு வாகனக் காப்பீடுகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கும். தடத்தில் நசுங்கும் வண்டியின் செலவு உங்கள் பையிலிருந்துதான்.

மாலையில் தடம் மூடியதும் நான் ஒரு வேலை செய்கிறேன். எல்லோருடைய சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தருவது. கை இன்னும் துறுதுறுவென்று இருக்கும், காதில் இன்ஜின் சத்தம் அடங்கியிருக்காது. அந்த நிலையில் பொள்ளாச்சி சாலையில் இறங்க விடுவதற்கு எனக்குத் துணிவில்லை. உட்கார வைத்து, அன்றைக்கு யார் யார் எங்கே தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று ஒவ்வொருவர் வாயாலும் சொல்லச் சொல்வேன். போன மாதம் ஒருவர் எரிச்சலாகிவிட்டார். "சாவி கேட்டால் டீதான் வருகிறது" என்றார். அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.