நிறுத்தி வைத்த நீராவி இன்ஜின் மறுபடி ஓட என்ன செய்ய வேண்டும்?

பெரிய ரயில் நிலையங்களின் வாசலில் பழைய நீராவி இன்ஜின் ஒன்றைப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். சக்கரம் இருக்கிறது, பிஸ்டன் தண்டு இருக்கிறது, புகைபோக்கியும் இருக்கிறது. கரியைப் போட்டுப் பற்றவைத்தால் ஓடிவிடாதா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஓடாது. பற்றவைப்பதே ஆபத்து. இன்ஜினின் உயிர் சக்கரத்தில் இல்லை, உள்ளே மறைந்திருந்து தண்ணீரை ஆவியாக்கும் பாய்லரில் இருக்கிறது. வேலை இல்லாமல் நிற்கிற இன்ஜினில் முதலில் கெடுவதும் அந்த பாய்லர்தான்.

அப்படிக் கெட்டுப்போன இன்ஜின்களை மீட்டு ஓட்டுவதையே ஆசையாகச் செய்கிறவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சின்ன ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, ஊர்க்காரர்களும் வெளியூர் ஆர்வலர்களும் சேர்ந்து 1951-ல் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் ஓட்டிய முதல் ரயில் பாதை அதுதான். அப்புறம் தெற்கு வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 இன்ஜின்களைக் காசு திரட்டி வாங்கி மீட்டார்கள். வங்கி ஊழியர், ஆசிரியர், பள்ளி மாணவர் என்று பலதரப்பட்டவர்களும் வார விடுமுறையில் போய்ச் செய்கிற வேலை இது. அவர்கள் பெரும்பாலும் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள பாய்லருக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

ரயில் இன்ஜினின் பாய்லர் மூன்று பகுதி. பின்னால், டிரைவர் நிற்கும் பக்கம், நெருப்பு எரியும் பெட்டி, அதாவது ஃபயர்பாக்ஸ். நடுவில் தண்ணீர் நிறைந்த நீண்ட உருளை. முன்னால் புகை சேரும் ஸ்மோக்பாக்ஸ். நெருப்பின் சூடான வாயு, உருளைக்குள் தண்ணீருக்கு நடுவே ஓடும் டியூப்கள் வழியாக முன்பக்கம் போகிறது. சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி வேலை முடித்த நீராவியை ஸ்மோக்பாக்ஸுக்குள் மேல்நோக்கிப் பீச்சிவிடுகிறார்கள். அது வெளியேறும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் நெருப்புக்குப் புதுக் காற்று கிடைக்கும். இன்ஜின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு நெருப்பு தானாக எரிகிறது. ‘சுக் சுக்’ என்று நாம் கேட்ட சத்தம் இந்தப் பீச்சலின் சத்தம்தான். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தீராத வியப்பு உண்டு. விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது, எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் கிடையாது.

இந்தியாவின் மீட்டர்கேஜ் பாதைகளில், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதைகளில், பரவலாக ஓடிய ஒய்.பி. வகை இன்ஜினின் பாய்லர் அழுத்தம், ஒரு சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 15 கிலோ. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 200 டிகிரி அளவில்தான் கொதிக்கும். பாய்லர் திடீரென்று கிழிந்தால் அழுத்தம் ஒரு நொடியில் இறங்கிவிடும். அப்போது அந்த 200 டிகிரித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே ஆவியாக மாறும். சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். டன் கணக்கில் தண்ணீர் இருக்கும் பாய்லரில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உருளையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வட்ட வடிவம் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாகத் தாங்கும். ஃபயர்பாக்ஸோ தட்டையான சுவர்களால் ஆனது. தட்டையான தகடு அழுத்தத்தில் புடைக்கத்தான் பார்க்கும். அதனால் ஃபயர்பாக்ஸின் உள்சுவரையும் வெளிச்சுவரையும், நடுவில் தண்ணீர் இருக்கும்படி, நூற்றுக்கணக்கான கம்பிகளால் பிணைத்திருப்பார்கள். இவற்றுக்கு ஸ்டே என்று பெயர். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு ஸ்டே தாங்குவது 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை. அதாவது, விரல் பருமனுள்ள ஒரு கம்பி ஒன்றரை டன் இழுப்பைத் தாங்குகிறது. பக்கத்தில் ஒன்று அறுந்தால் அதன் பாரம் சுற்றியுள்ளவற்றின் மேல் விழும். அவையும் சோர்ந்தால் வரிசையாக அறும்.

ஸ்டே ஏன் அறுகிறது? உள்சுவர் நெருப்புப் பக்கம், அதனால் அதிகம் நீளும். வெளிச்சுவர் குறைவாக நீளும். ஒவ்வொரு தடவை நெருப்பு மூட்டும்போதும் அணைக்கும்போதும் ஸ்டே கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கடைசியில் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டி அறுகிறது. இதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்துக்காரர்கள் செய்த வழி எளிமையானது: ஸ்டேயின் வெளிமுனையில் மெல்லிய துளை ஒன்றைப் போட்டுவிடுவது. உள்ளே கம்பி அறுந்தால் துளை வழியாகத் தண்ணீரோ ஆவியோ கசியும், வெளியிலிருந்தே தெரிந்துவிடும். இன்னொரு வழி சுத்தியல். நல்ல ஸ்டே ஒரு மாதிரி ஒலிக்கும், அறுந்தது வேறு மாதிரி ஒலிக்கும். எங்கள் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ரயில்வேயில் ஃபிட்டராகவும் பாய்லர் மேக்கராகவும் இருந்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒலி வித்தியாசத்தை அவர்கள் காது அறியும். இன்றைக்கு அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் தடிமனை மில்லிமீட்டரில் ஒரு பகுதிவரை அளந்துவிடலாம். ஆனால் எந்த இடத்தில் கருவியை வைக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெரியவர்கள்தான்.

அடுத்தது தண்ணீர். செங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குற்றாலத்து அருவித் தண்ணீரில் சோப்பு நுரைத்துத் தள்ளும். கிழக்கே போகப் போகக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரவே அடம்பிடிக்கும். கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் காரணம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பாய்லருக்குள்ளும் டியூப் மேலும் ஃபயர்பாக்ஸ் தகட்டிலும் படியும். எஃகோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது மிகமிகக் குறைவு. தண்ணீர் தொட்டால்தான் தகடு குளிரும். நடுவில் உப்புப் படிந்தால் நெருப்புப் பக்கத் தகடு எரிந்து மெலியும். அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை பாய்லரை ஆறவிட்டு, மூலைகளில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி, வேகமான தண்ணீரும் கம்பியும் விட்டுச் சேற்றையும் செதிலையும் வெளியேற்றுகிறார்கள். வாஷ் அவுட் என்பது இதுதான். படிவு இறுகாமல் இருக்கத் தண்ணீரில் சோடா ஆஷும், தேயிலையிலும் கடுக்காயிலும் இருப்பது போன்ற டானின் என்ற துவர்ப்புப் பொருளும் கலப்பதுண்டு. ஆசை ஆசையாய் வரும் தன்னார்வலருக்கு முதலில் கிடைப்பது இந்த அழுக்கு வேலைதான். இதைப் பொறுமையாகச் செய்கிறவர்தான் பின்னால் நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் ஃபயர்மேனாகவும் டிரைவராகவும் ஆகிறார்.

எங்கள் மலைப் பாதைக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு வந்த மீட்டர்கேஜ் பாதை 1904-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பகவதிபுரத்தைத் தாண்டிச் சுரங்கத்தில் நுழைந்து, ஆரியங்காவு, கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம், தென்மலை என்று இறங்கிப் போகும். ஏறும்போது முன்பக்கம் உயர்ந்திருப்பதால் பாய்லர் தண்ணீர் பின்பக்கம், ஃபயர்பாக்ஸ் மேல், ஒதுங்கி நிற்கும். பின்பக்கம் இருக்கும், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். உச்சி தாண்டி இறங்கத் தொடங்கியதும் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். நாற்பதுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் நீள பாய்லரில் இரண்டு முனைக்கும் 15 சென்டிமீட்டர் வித்தியாசம். ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு தண்ணீரை விட்டு வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் செஞ்சூடாகி, வலிமை இழந்து, கீழே குழியும். பாய்லர் வெடிப்புகளில் பலவும் இப்படி நேர்ந்தவை. அதற்காகவே கூரைத் தகட்டில் ஈய பிளக் ஒன்று பொருத்தியிருக்கும். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேல் பீறிட்டு எச்சரிக்கும். ஆனாலும் உச்சிக்கு முன்பே இன்ஜெக்டரைத் திறந்து போதிய தண்ணீர் ஏற்றிக்கொள்ளும் ஃபயர்மேனின் முன்யோசனைதான் உண்மையான பாதுகாப்பு.

சரி, வாசலில் நின்ற அந்த இன்ஜினுக்கு வருவோம். நம் பக்கத்துச் சாரலில் வருஷக் கணக்கில் நின்றால் ஸ்மோக்பாக்ஸில் தங்கிய கரியும் சாம்பலும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை அரிக்கும். மீட்கிறவர்கள் முதலில் வெளிப் போர்வைத் தகட்டைக் கழற்றுவார்கள். பழைய இன்ஜின்களில் அதற்கடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதை எடுக்கப் பயிற்சி பெற்றவர்களே வர வேண்டும். பிறகு டியூப்களை மொத்தமாக வெட்டி எடுத்து, தகடுகளை அளந்து, மெலிந்த பகுதிக்குப் புதுத் தகடு, அறுந்த ஸ்டேக்குப் புது ஸ்டே, கடைசியில் புது டியூப்கள். வருஷங்கள் ஆகும் வேலை இது.

முடிந்ததும் சோதனை. முதல் சோதனைக்கு ஆவியைப் பயன்படுத்த மாட்டார்கள். பாய்லரைக் காற்றே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாகப் பம்ப் செய்வார்கள். தண்ணீர் அநேகமாக அமுங்காத பொருள், அதனால் அதில் ஆற்றல் சேமிப்பாவதில்லை. ஓர் இடம் விட்டுக்கொடுத்தாலும் கொஞ்சம் தண்ணீர் பீச்சி, அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், ஆள் பிழைப்பார். அதில் தேறிய பிறகே நெருப்பு. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் பெரும் பழுதுபார்ப்பு முடிந்தால் அதிகபட்சம் பத்து வருஷம் ஓட்ட அனுமதி, நடுவில் வருஷா வருஷம் சோதனை. பத்து முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

நெருப்பு மூட்டுவதும் அவசரத்தில் ஆகாது. குளிர்ந்த பாய்லர் ஓடும் நிலைக்கு வரப் பல மணி நேரம் வேண்டும். 6 மீட்டர் எஃகு 170 டிகிரி சூடேறினால் 12 மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் பாய்லரை முன்பக்கம் மட்டும் இறுக்கிவிட்டு, பின்பக்கம் இன்ஜினின் இரும்புச் சட்டத்தின் மேல் வழுக்கி நகரும்படி வைத்திருக்கிறார்கள். வேகமாகச் சூடேற்றினால் மேலே ஒரு நீளம், கீழே ஒரு நீளம் என்று ஆகி டியூப் மூட்டுகள் கசியும், ஸ்டேகள் சோரும்.

நம் நாட்டில் இந்தத் திறமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. குன்னூர் ஷெட்டில் நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பராமரிக்கிறார்கள். அவற்றுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது இன்ஜின்களே கட்டியிருக்கிறார்கள். 1855-ல் லீட்ஸ் நகரில் பிறந்த இ.ஐ.ஆர். 21 இன்ஜினைப் பெரம்பூர் பணிமனை 2010-ல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் அது எர்ணாகுளத்துக்கும் கொச்சி துறைமுக நிலையத்துக்கும் நடுவே ஓடியது. இவையெல்லாம் ரயில்வே செய்த வேலைகள். ஊர்க்காரர்கள் கைவைக்கும் டாலிலின் போன்ற ஓர் இடம் நம் பக்கம் இல்லை.

புனலூர்–செங்கோட்டைப் பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறந்துவிட்டது, எனவே மலையில் மீட்டர்கேஜ் இன்ஜின் ஏற இனி வழியில்லை. ஆனால் ஓர் இன்ஜினை நெருப்போடு வைத்திருக்க மலை தேவையில்லை. அரை கிலோமீட்டர் மீட்டர்கேஜ் தண்டவாளம், அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, மழை நனைக்காத கூரை, மேற்கேயிருந்து வரும் உப்பில்லாத ஓடைத் தண்ணீர், அப்புறம் சுத்தியல் ஒலியைக் கேட்டுச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள். இவற்றில் கடைசி இரண்டும் செங்கோட்டையில் இப்போதே இருக்கின்றன. அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிறது என்பதால், தண்டவாளம் வருவதற்கு முன்பே ஐ.டி.ஐ. பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி, ஒரு பழைய பாய்லர் தகட்டை வைத்தாவது ஸ்டே அடிக்கவும் டியூப் பொருத்தவும் பழக்கத் தொடங்கிவிடலாம்.