தாரின் நுனியில் ஒரு பை சாணம்

வாழை தார் தள்ளி, கடைசிச் சீப்பும் விரிந்த பிறகு, நுனியில் தொங்கும் பூவை வெட்டிவிட்டு, வெட்டிய காம்பைச் சாணக் கரைசல் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் விட்டு இறுக்கிக் கட்டி, தாரின் எடையைக் கூட்டும் ஒரு முறை இருக்கிறது. பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 500 கிராம் புதுச் சாணம், 100 மில்லி தண்ணீர், 7.5 கிராம் யூரியா, 7.5 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியமும் கந்தகமும் உள்ள உரம்), அவ்வளவுதான். தோட்டக்கால் வாழைக்கு (நேந்திரன் தவிர) மரத்துக்கு 330 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் சத்து) வேரில் வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அப்படியிருக்க ஒரு ஸ்பூன் உரம் என்ன செய்துவிடும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் வாழைப்பழச் சதையில் சுமார் 360 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. 15 கிலோ தாரில் தோலும் காம்பும் போக 10 கிலோ சதை என்று வைத்தால், அதிலுள்ள மொத்தப் பொட்டாசியமே 36 கிராம்தான். பையில் வைத்த 7.5 கிராம் உரத்தில் 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல் பொட்டாசியம் இருக்கிறது, அதாவது சதைக்குத் தேவையானதில் கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு. மண்ணில் போட்டதில் ஒரு பகுதி தண்ணீரோடு கீழே இறங்கும், ஒரு பகுதியைக் களிமண் பிடித்துக்கொள்ளும், மிச்சம் தண்டிலும் இலையிலும் கன்றிலும் பிரிந்துவிடும். நுனியில் வைப்பதற்கு அந்தச் சுற்றுவழி இல்லை.

காம்பு எப்படி உறிஞ்சுகிறது என்பதுதான் சுவாரசியமான இடம். பச்சைக் காய்த்தோலிலும் இலைத்துளைகள் உண்டு, பகலில் அவை வழியே நீர் ஆவியாகிறது, அந்த இழுவிசை காம்பின் நீர்க்குழாய்கள் வரை போகிறது. நுனியை வெட்டினால் குழாய்கள் திறந்துவிடும், வெள்ளைப் பூவை மை கலந்த தண்ணீரில் வைத்தால் இதழ் நிறம் மாறுமே, அதே மாதிரி கரைசல் காய்களை நோக்கி ஏறும். அதனால் வெட்டு புதிதாக இருக்க வேண்டும். கடைசிச் சீப்புக்குக் கீழே கொஞ்சம் காம்பு விட்டு, சாய்வாக வெட்டி, உடனே பைக்குள் விட வேண்டும், விட்டு வைத்தால் பால் வடிந்து வாய் அடைத்துக்கொள்ளும். சாணத்தின் முக்கிய வேலை ஈரம் காப்பது. பொட்டாஷ் என்றால் மலிவான மியூரியேட் (பொட்டாசியம் குளோரைடு) தானே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள குளோரைடு திசுவைக் கருக்கக்கூடும், சல்பேட்டில் கந்தகமும் சேர்ந்து கிடைக்கும்.

உள்ளே போன பொட்டாசியம் பழத்தில் சத்தாகத் தங்குவதோடு, சர்க்கரை காய்க்கு வந்து சேரவும் மாவாக மாறவும் உதவுகிறது. எடை கூடுவது அப்படித்தான். ஆனால் காய்களின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகமாகாது, தண்டுக்குள் பூங்கொத்து உருவாகும்போதே, தார் வெளியே வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, அது முடிவாகிவிடுகிறது. ஆரம்பத்தில் பட்டினி போட்ட மரத்துக்குக் கடைசியில் பை கட்டிப் பயனில்லை. தார் தள்ளிய பின் புது இலையும் வராது, இருக்கிற இலைகள்தான் அறுவடை வரை சமைத்துப் போட வேண்டும். கல்யாண சீசனில் விலை வருகிறதே என்று அந்த இலைகளையும் அறுத்து விற்பவர்கள் பை கட்டுவது வீண்வேலை என்றே சொல்வேன். அப்புறம், பலனில் ஒரு பங்கு பூவை வெட்டியதாலேயே வருவது. வளர்ந்துகொண்டே இருக்கும் பூ, காய்க்குப் போக வேண்டிய உணவைத் தின்றுகொண்டிருக்கும். வெட்டிய பூவைச் சந்தைக்கும் அனுப்பலாம்.

லாபக் கணக்கில் உரச்செலவு பெரிதில்லை, யூரியா மானிய விலையில் 45 கிலோ மூட்டை ரூ.266.50 என்றால் 7.5 கிராமுக்கு ஐந்து காசுகூட ஆகாது. செலவு ஆள் கூலியில்தான். குட்டையான ஜி9 (கிராண்ட் நைன்) ரக மரத்தில் நின்றபடியே கட்டிவிடலாம், உயரமான கற்பூரவல்லி ரகத்துக்கு ஏணி வேண்டும், ஒரு ஆள் ஒரு நாளில் கட்டும் தார்கள் பாதியாகக் குறையும். இன்னொன்று, வியாபாரி கிலோ கணக்கில் எடுத்தால் கூடின எடை அப்படியே காசாகும், தார் கணக்கில் கண்பார்வைக்கு விலை சொல்பவராக இருந்தால் கூடுதலாக வந்த ஒரு கிலோவை அவர் கண்டுகொள்ள மாட்டார். பை வாங்குவதற்கு முன்னால் அதை அவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.