கத்தியும் மாத்திரை அட்டையும் ஒரே சத்தம்

விமான நிலையத்தில் கைகளை விரித்து நிற்கும்போது உடம்பைச் சுற்றி வருகிற அந்தக் கருப்பு மட்டையை, அதாவது உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெட்டல் டிடெக்டரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. அது ஏதோ கதிரை வீசி உடம்புக்குள்ளே பார்க்கிறது என்று நினைக்கிறார்கள். கர்ப்பிணிகள் சிலர் தயங்குவதும் அதனால்தான். உண்மையில் அது எதையும் பார்ப்பதே இல்லை. பைகள் போகும் எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உள்ளே இருப்பது ஒரு கம்பிச்சுருள், அதில் மின்னோட்டத்தை முன்னும் பின்னும் ஓடவைக்கும் சின்ன சர்க்யூட், பெரும்பாலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர். அவ்வளவுதான்.

அந்த மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிறது. பல நாடுகளில் புழங்கும், காரெட் நிறுவனத்தின் சூப்பர் ஸ்கேனர் என்ற மட்டையில் இது 95 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 95,000 சுற்று. மின்னோட்டம் மாற மாற, சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால் அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமாக மின்னோட்டம் கிளம்பும். பள்ளிப் பாடத்தில் சுழல் மின்னோட்டம் என்று படித்தது இதுதான். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதனால்தான். அங்கே சக்தி அதிகம், இங்கே துளியூண்டு. இந்தச் சுழல் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைக் கிளப்பிவிட்ட புலத்தையே எதிர்க்கும். அதனால் சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் வீச்சு கொஞ்சம் குறையும், அதிர்வெண்ணும் லேசாக நகரும். மாற்றம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பஸ்ஸர் கத்தும்.

ஆக, கருவி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மின்னோட்டம் வட்டமடிக்க இங்கே இடம் இருக்கிறதா? பொருளின் எடையோ விலையோ ஆபத்தோ அதற்குத் தெரியாது. 95 கிலோஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கும். உள்ளே எவ்வளவு உலோகம் இருந்தாலும் வேலை நடப்பது மேல்தோலில். அதனால்தான் சட்டைப் பையில் மறந்துபோன மாத்திரை அட்டையின் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு கத்திக்குச் சமமாகச் சத்தம் போடுகிறது. தாள் அகலமானது, அலுமினியமும் நன்றாக மின்சாரம் கடத்தும். கருவிக்கு அது போதும்.

நம் ஊர்ப் பயணிகளிடம் இந்தக் கருவிக்கு வேலை அதிகம். வளையலும் மோதிரமும் மூடிய வளையங்கள். மின்னோட்டம் சுற்றிவரத் தோதானவை. கோத்த சங்கிலி அப்படி இல்லை. கண்ணிக்குக் கண்ணி லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், ஆகவே பெரிய வட்டம் அமையாது. எடைக்கேற்ற சத்தமும் வராது. வெள்ளி அரைஞாண் கட்டிய பெரியவர் பெல்ட்டைக் கழற்றிய பிறகும் இடுப்பருகே கருவி கத்துகிறதே என்று விழிப்பதும், காவலர் அதைவிட அதிகமாக விழிப்பதும் நடக்கிற கதைதான்.

சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கும் தங்கப் பசைக்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான் இருக்கிறது. தங்கத்தைப் பொடியாக்கிப் பசையில் குழைத்துவிட்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனி. மின்னோட்டம் அந்தத் துகளுக்குள்ளேயே சுற்றவேண்டியதுதான், பக்கத்துத் துகளுக்குத் தாவ வழியில்லை. கட்டியாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும் தங்கம், பசையானதும் வாயடைத்துப்போகிறது. சரி, அப்புறம் எப்படிப் பிடிபடுகிறார்கள்? முன்கூட்டியே வரும் தகவல், பயணியின் நடை, முகம், அதன்பின் எக்ஸ்ரே. கருவிக்கு அதில் பங்கு குறைவு.

காவலர் மட்டையை உடம்போடு ஒட்டினாற்போலக் கொண்டுபோவது பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. சுருளைவிட்டுச் சற்றுத் தள்ளிப்போனதும், தூரம் இரட்டித்தால் காந்தப்புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். உலோகத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அதே தூரத்தைக் கடக்கவேண்டும், மறுபடி எட்டில் ஒன்று. மொத்தத்தில் 64-ல் ஒரு பங்கு. அலுத்துப்போன கை நாலு விரற்கடை விலகினாலே சின்னப் பொருள்கள் தப்பிவிடும். ரொம்பவும் கீழே போனாலும் தொல்லை, தரைக்குள் இருக்கும் கான்கிரீட் கம்பிக்கும் அது கத்தும். நம்மைச் சின்ன மேடைமேல் ஏற்றி நிறுத்தினால் அந்தத் தொல்லை குறையும். என்னைக் கேட்டால், இந்தச் சோதனையில் பாதிக்குமேல் கருவியின் திறமை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையின் திறமை.

சுற்றியுள்ள உலோகம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறதென்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசி கண்ட கிரஹாம் பெல், சுருள்களை வைத்து ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். கருவி வேலை செய்யத்தான் செய்தது. ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் பிளிஸ் வலப்பக்கத்தில் மட்டும் தேடச் சொன்னார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

உடம்புக்குள் உலோகம் வைத்துக்கொண்டு பயணம் செய்கிறவர்கள் இன்று ஏராளம். எலும்பு முறிவுக்கு வைக்கும் டைட்டானியக் கலவைத் தகடு செம்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் மின்சாரம் கடத்தும், எனவே சிறியதாக இருந்தால் சத்தமே வராமல் போகலாம். கோபால்ட்-குரோமியத்தில் செய்த செயற்கை மூட்டு பெரியது, பெரும்பாலும் கத்தும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மட்டை சட்டென்று கடந்துபோனால் பயமில்லை, ஆனால் அதன்மேலேயே பிடித்து நிறுத்தக்கூடாது. கையால் தடவிச் சோதிக்கும்படி கேட்கலாம்.

வெடிமருந்தையும் போதைப்பொருளையும் பீங்கான் கத்தியையும் இந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசையைக் காசாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக். ஏடிஈ 651 என்ற பெயரில் அவர் விற்ற பொருளில் பேட்டரி கிடையாது, ஒரு கைப்பிடியும் அதில் ஆடுகிற ஏரியலும் மட்டும்தான். வெடிகுண்டையே மோப்பம் பிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்குப் பெரும் விலைக்கு விற்றார். 2013-ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதன் பிறகும் பாக்தாத் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அதையே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2016 ஜூலையில் கர்ராதா பகுதியில் பெரும் குண்டுவெடிப்பு நடந்த பிறகுதான் அவற்றை அகற்றும்படி ஈராக் பிரதமர் உத்தரவிட்டார்.